14ஆம் நூற்றாண்டு வீரராக நிற்க: இடைக்காலப் போர் மறுநிகழ்த்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஓர் இடைக்கால மறுநிகழ்த்தல் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். 1340 முதல் 1370 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து ஆங்கிலேயப் படைவீரர்களாக நிற்பது எங்கள் குழுவின் வேலை. கூடாரத்துக்கு வரும் பார்வையாளர்கள், புதிதாகச் சேருபவர்கள், ஊரிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்கள் என எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதில்களை எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில்.

இது நாடகமா, விளையாட்டா, நிஜச் சண்டையா?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் பல விஷயங்கள் இங்கே கலந்து கிடக்கின்றன. மறுநிகழ்த்தல் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்து மக்கள் உடுத்தியதையும் சமைத்ததையும் போரிட்டதையும் ஆதாரங்களிலிருந்து தேடி எடுத்து, மக்கள் முன்னால் செய்து காட்டுவது. சண்டை அதில் ஒரு பகுதி மட்டுமே. பூஹர்ட் என்று ஒன்று இருக்கிறது. அது முழுக் கவசத்தில், மழுங்கிய இரும்பு ஆயுதங்களால் முழு வேகத்தில் அடித்துக்கொள்ளும் போட்டி. பழைய வாள்வித்தை ஏடுகளைப் படித்து அந்த நுணுக்கங்களைப் பயிலும் கூட்டம் தனி. அவர்கள் இன்றைய முகக்கவசமும் தடித்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு பயில்வார்கள். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஓர் அமைப்பில் பிரம்பு வாள்களால் சண்டையிடுகிறார்கள்.

ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் துல்லியம் தேடுகிறது. வாள்வித்தைக்காரர்கள் அசைவில் துல்லியமானவர்கள், அவர்களுடைய உடை இன்றையது. நாங்கள் தோற்றத்திலும் பொருட்களிலும் துல்லியத்துக்கு முயல்கிறோம், எங்கள் அடிகளோ கட்டுப்படுத்தப்பட்டவை. இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால் எதில் சேருகிறோம் என்று தெரிந்து சேருவது நல்லது.

வாள் நிஜமா? வெட்டாதா?

எஃகு நிஜம், கூர்மை கிடையாது. விளிம்பு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் உருட்டப்பட்டிருக்கும், முனையும் உருண்டையாக இருக்கும். ஒரு கை வாளின் எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள்தான். அந்தக் காலத்து அசல் வாள்களும் அவ்வளவுதான் இருந்தன. பத்துக் கிலோ வாள் என்பதெல்லாம் கதை.

வெட்டாதே தவிர, எலும்பை முறிக்கும். அதனால் எங்கள் குழுவில் முகத்துக்குக் குத்து கிடையாது, தலைக்கு அடி கிடையாது, ஒவ்வோர் அடியையும் கடைசி நேரத்தில் அடக்கிப் போட வேண்டும். இதைப் பயின்று தேர்ச்சி காட்டாமல் யாரையும் களத்தில் விடமாட்டோம். விதிகள் குழுவுக்குக் குழு மாறும்.

கவசம் போட்டால் நடக்கவே முடியாதாமே? குதிரையில் கிரேன் வைத்துத்தான் ஏற்றுவார்களாமே?

இல்லை. 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். அந்த எடை தோளிலும் இடுப்பிலும் கைகால்களிலும் பரவி நிற்கிறது. இன்றைய காலாட்படை வீரர் முதுகில் தூக்கும் சுமை பெரும்பாலும் இதைவிட அதிகம். பூசிகோ என்ற பிரெஞ்சுத் தளபதி கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டார், ஏணியின் அடிப்பக்கமாகக் கைகளாலேயே தொங்கி ஏறினார் என்று அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது. கிரேன் கதைக்கு இடைக்காலத்து ஆதாரம் எதுவுமே கிடையாது.

ஆனால் களைப்பு உண்மை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவசம் அணிந்தவர்களை ஓட்டப் பட்டையில் நடக்கவிட்டு அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண நடைக்கு ஆவதைப்போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான ஆற்றல் செலவாகிறது. காலில் கட்டிய எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டியிருப்பது முக்கியக் காரணம். ஜூலை மாத வெயிலில் பத்து நிமிடம் சண்டையிட்டுவிட்டு வந்தால் இது உடம்புக்கே புரியும்.

'இடைக்காலம்' என்று சொன்னால் போதாதா? எதற்கு வருடம் எல்லாம் கேட்கிறீர்கள்?

இடைக்காலம் என்பது ஏறக்குறைய ஆயிரம் வருடம். 1066இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் நின்றவர் மூக்கை மறைக்கும் பட்டை வைத்த கூம்புத் தலைக்கவசமும் முழங்கால் வரை வளையக் கவசமும் அணிந்திருந்தார். 13ஆம் நூற்றாண்டில் முழு முகத்தையும் மூடும் வாளி போன்ற தலைக்கவசம் வந்துவிட்டது. 1485இல் போஸ்வொர்த்தில் நின்றவரோ தலை முதல் கால் வரை தகட்டில் இருந்திருக்கலாம். மூன்றையும் கலந்து ஒருவர் அணிந்தால், அவர் எந்தக் காலத்திலும் வாழ்ந்த மனிதர் இல்லை. சோழர் காலத்து ராஜா தலையில் மராட்டியத் தலைப்பாகையை வைத்தால் நமக்கு எப்படி உறுத்துமோ, அப்படித்தான்.

அதனால் ஒரு 20, 30 வருட இடைவெளியையும் ஓர் ஊரையும் சமூகத்தில் ஓர் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். '1350 வாக்கில் இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்திலிருந்து வந்த வில்லாளி' என்று சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

கவசம்தான் ஆசை. அதைத்தானே முதலில் வாங்க வேண்டும்?

தயவுசெய்து வேண்டாம். முதல் வருடம் குழுவின் பொதுப் பொருட்களை இரவல் வாங்குங்கள். சொந்தமாக முதலில் வாங்க வேண்டியது காலணி. அந்தக் காலத்துக் காலணியை உள்புறம் வெளியே தெரியும்படி தைத்துவிட்டு, அப்புறம் திருப்புவார்கள். குதிகால் உயரம் கிடையாது. லண்டனில் தேம்ஸ் கரையின் ஈர மண்ணில் இத்தகைய தோல் காலணிகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், வடிவத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஈரப் புல்லில் அது வழுக்கும். நடந்து பழக ஒரு பருவம் வேண்டும்.

அடுத்து லினன் சட்டையும் உள்ளாடையும், கம்பளிக் காலுறைகள், மேலங்கி, தலைக்குக் கம்பளி முக்காடு. அப்புறம்தான் கேம்பசன் எனப்படும் பல அடுக்குத் துணிச் சட்டை, தலைக்கவசம், கையுறை. கேம்பசனை வெறும் உள்சட்டை என்று நினைக்காதீர்கள், அதுவே தனிக் கவசம். 1181இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி போட்ட ஆயுத ஆணை சாதாரணச் சுதந்திரக் குடிமக்களிடம் கேட்டது ஒரு கேம்பசன், ஓர் இரும்புத் தொப்பி, ஓர் ஈட்டி, அவ்வளவுதான். அந்த மூன்றோடு நீங்கள் களத்தில் நின்றால் உங்களைப் பார்த்துக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

துணி எதுவாக இருந்தால் என்ன? தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்?

தெரியும். கம்பளி விழும் விதமே வேறு. பாலியஸ்டர் கலந்த துணி வெயிலில் மினுங்கும், காற்றில் படபடக்கும். அதைவிட முக்கியமானது நெருப்பு. முகாமில் திறந்த அடுப்பு எரிகிறது. கம்பளியில் பொறி பட்டால் கருகி அணைந்துவிடும், செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே லினன் வியர்வையை உறிஞ்சும், வெளியே கம்பளி மழையைத் தாங்கும். அவர்கள் இந்த இரண்டையும் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது, அணிந்து பார்த்தால்தான் அது விளங்குகிறது.

பருத்தி நமக்குத் தினசரித் துணி. வட ஐரோப்பாவில் அன்று அது இறக்குமதிச் சரக்கு, கவசச் சட்டைகளில் அடைக்கவும் லினனோடு கலந்து நெய்யவும் பயன்பட்டது. அதனால் வெறும் பருத்திச் சட்டை வேண்டாம். தையல் இயந்திரம் பற்றியும் கேட்பார்கள். எங்கள் குழுவில் உள்ளே மறையும் தையலுக்கு இயந்திரம் சரி, வெளியே தெரியும் தையல் கையால்தான்.

ஏழை வீரன் என்றால் அழுக்குப் பழுப்பு நிறம்தானே?

சினிமா நமக்குக் கொடுத்த நிறம் அது. சாயங்கள் இருந்தன, ஏழைகளுக்கும் எட்டின. மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடி, நீலத்துக்கு வோட், சிவப்புக்கு மேடர். மேடர் நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு. வோட் இலையில் இருக்கும் நீலமும் நம் அவுரியில் இருக்கும் நீலமும் ஒரே பொருள்தான். இதை முதன்முதலில் அறிந்தபோது என் பாட்டி வீட்டுக் கொல்லைக்கும் அந்தக் காலத்துச் சாயத்தொட்டிக்கும் நடுவே ஒரு கோடு விழுந்ததுபோல இருந்தது. ஆழ்ந்த நிறமும் நல்ல கறுப்பும்தான் விலை கூடியவை.

1363இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். உழவர், வண்டிக்காரர் போன்ற எளியவர்கள் மலிவான முரட்டுக் கம்பளி மட்டுமே அணிய வேண்டும் என்றது. இரண்டு வருடத்துக்குள் அதை நீக்கியும் விட்டார்கள். கொள்ளைநோய்க்குப் பிறகு கூலி உயர்ந்த காலம் அது. எளியவர்கள் தகுதிக்கு மீறி உடுத்துகிறார்கள் என்று மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சட்டத்தை நான் எளியவர்கள் நன்றாக உடுத்தியதற்குச் சாட்சியாகவே படிக்கிறேன். உங்கள் மேலங்கி மங்கிய நீலமாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கட்டும். சுத்தமாகவும் இருக்கட்டும்.

இணையத்தில் வளையக் கவசம் மலிவாக விற்கிறதே, வாங்கலாமா?

படத்தைப் பெரிதாக்கி ஒரு வளையத்தைப் பாருங்கள். முனைகள் வெறுமனே முட்டிக்கொண்டு நின்றால் வாங்காதீர்கள். ஐரோப்பிய இடைக்கால வளையக் கவசத்தில் ஒவ்வொரு வளையத்தின் முனைகளையும் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ரிவெட் என்ற சிறு இணைப்பு ஆணியை அடித்து மூடினார்கள். சிலவற்றில் ஒரு வரிசை ரிவெட் வளையம், அடுத்த வரிசை முழு வளையம். ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்துப் பிடிக்கும். முனை மூடாத வளையம் ஓர் அடிக்கே வாய் பிளந்துவிடும். ஆகவே அது தோற்றத்தில் மட்டுமல்ல, வேலையிலும் தவறு.

அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் வேண்டாம். நிறமும் எடையும் காட்டிக்கொடுக்கும். துரு வரும் என்று பயப்படாதீர்கள். அன்று மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டித் துடைத்தார்கள். நாங்களும் அப்படியே செய்து எண்ணெய் பூசுகிறோம்.

ஆணி அடித்த தோல் கவசம் அழகாக இருக்கிறதே, அது எந்தக் காலம்?

எந்தக் காலமும் இல்லை. பழைய ஓவியங்களில் சட்டையின் மேல் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். அவை உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளைத் துணியோடு பிணைக்கும் ரிவெட்களின் தலைகள். பின்னால் வந்தவர்கள் உள்ளே இருப்பதை அறியாமல் தோலில் குமிழ் ஆணிகளை மட்டும் அடித்துவிட்டார்கள். விளையாட்டுகள் வழியாக அது பரவிவிட்டது. சூடாக்கி இறுக்கிய தோலால் கைகால் காப்புகள் செய்ததுண்டு, அது வேறு.

'ஆதாரம் காட்டு' என்கிறீர்கள். எங்கே போய்ப் பார்ப்பது?

நான்கு இடங்கள்: மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருள், கல்லறைச் சிலை, ஓவியம், எழுத்து. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைச் சொல்லும், ஏதோ ஒன்றை மறைக்கும்.

பொருள்தான் பலமான சாட்சி. இங்கிலாந்தின் கான்டர்பரி தேவாலயத்தில், 1376இல் இறந்த 'கறுப்பு இளவரசர்' எனப்படும் ஆங்கிலேய இளவரசர் எட்வர்டின் கல்லறைக்கு மேலே அவருடைய தலைக்கவசம், மெத்தைச் சட்டை, கையுறைகள் எல்லாம் தொங்கவிடப்பட்டிருந்தன. அந்த அசல்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. கீழே அதே மனிதரின் சிலை முழுக் கவசத்தில் படுத்திருக்கிறது. இப்படி இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். எளியவர்களின் உடைக்கு, சுவீடனில் வார்பெர்க் அருகே சதுப்பில் 1936இல் கிடைத்த போக்ஸ்டன் மனிதரைப் பாருங்கள். மேலங்கி, போர்வை, காலுறை, நீண்ட வால் வைத்த முக்காடு என ஏறக்குறைய முழு உடுப்பும் அவரோடு கிடைத்தது. கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில், அங்கே குடியேறிய ஐரோப்பியர்களின் கல்லறைகளில் 1921இல் தோண்டி எடுத்த ஆடைகள் எங்கள் தையலுக்கு அடிப்படை.

சிலையை நம்பும்போது கவனம் வேண்டும். செத்தவர் பணக்காரர், சிலை சில சமயம் அவர் இறந்து பல வருடம் கழித்துச் செதுக்கப்பட்டது. ஓவியர்கள் பைபிள் கதைக்கும் தங்கள் காலத்துக் கவசத்தையே வரைந்தார்கள், அது நமக்கு நல்லது. ஆனால் அயல்நாட்டு எதிரியை வரையும்போது கற்பனையை ஓடவிட்டார்கள். அதனால் ஒரே பொருள் குறைந்தது இரண்டு வகை ஆதாரத்திலாவது தெரிகிறதா என்று பாருங்கள். இன்னொரு குழுவின் போட்டோ ஆதாரம் ஆகாது. அவர்கள் யாரைப் பார்த்துச் செய்தார்களோ!

அப்படியானால் தோண்டியெடுத்ததை அப்படியே செய்துகொண்டால் சரிதானே?

விஸ்பியை வைத்துச் சொல்கிறேன். 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசர் வால்டமாரின் படை, இன்றைய சுவீடனைச் சேர்ந்த காட்லாந்து தீவில் விஸ்பி நகரின் மதிலுக்கு வெளியே அந்தத் தீவின் உழவர்களை வெட்டிச் சாய்த்தது. கோடை வெயிலில் பிணங்களை அவசரமாகக் குழியில் போட்டார்கள், பலரைக் கவசத்தோடேயே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளும், இரும்புத் தகடு பதித்த சட்டைகள் சுமார் 25ம் கிடைத்தன. இவ்வளவு விவரமாக அளந்து பதிவான கவசக் குவியல் மிக அபூர்வம்.

அதனாலேயே ஒரு சிக்கல். செய்ய எளிது, அளவுகள் கிடைக்கின்றன என்பதால் ஐரோப்பா முழுக்க எல்லாக் குழுவும் விஸ்பிச் சட்டையை அணிகிறது. ஆனால் அந்த உழவர்கள் அணிந்தவற்றில் பல, 1361இலேயே பழைய பாணி. 1390இல் பிரெஞ்சு மாவீரராக நிற்பவர் அதை அணிந்தால் பொருள் உண்மையானது, அணிந்தவர் தவறானவர். எது கிடைத்தது என்பதோடு யார் உடம்பில், எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முன்னால் வருடத்தையும் ஊரையும் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

'அவர்களிடம் இருந்திருந்தால் பயன்படுத்தியிருப்பார்கள்' என்று சொன்னால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

ஏனென்றால் அந்த வாதத்தால் எதையும் நியாயப்படுத்திவிடலாம். எஃகுத் தகடு செய்யத் தெரிந்த ஊரில்கூட அதை யார் வாங்கினார்கள், எந்த வடிவில் வாங்கினார்கள் என்பதைப் பணமும் பழக்கமும் நாகரிகமும் தீர்மானித்தன. மூக்குக் கண்ணாடி நல்ல உதாரணம். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்ணாடி வந்துவிட்டது. 1352இல் ட்ரெவிசோ நகரில் வரைந்த சுவரோவியத்தில் ஒரு கர்தினால் கண்ணாடி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் அது கிட்டப்பொருளைப் படிப்பதற்கான கண்ணாடி. தூரம் தெரியாதவர்களுக்கான குழிவில்லை அப்புறம்தான் வந்தது. ஆகவே 1350இன் வில்லாளிக்குக் கண்ணாடி இல்லை, கான்டாக்ட் லென்ஸ் போடுங்கள். ஆஸ்துமா மருந்து, இன்சுலின், காதுகேட்கும் கருவி ஆகியவற்றைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். உயிர் முதலில்.

முகாமில் என்ன சாப்பிடுவீர்கள்? காரம் இல்லாமல் எப்படி?

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1492க்குப் பிறகு வந்தவை. நம் ஊரிலும் அப்போது அவை இல்லை. ஆனால் காரம் இருந்தது. 1390 வாக்கில் அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த ஏட்டில் மிளகு, இஞ்சி, பட்டை எல்லாம் வருகின்றன. மலபார் மிளகு அரபுக் கப்பல்களும் வெனிஸ் வணிகர்களும் கைமாற்றி அங்கே போய்ச் சேர்ந்தது. விலை அதிகம் என்பதால் வில்லாளியின் பானையில் வெங்காயம், பட்டாணி, பார்லிதான் அதிகம். ஆனாலும் ஒரு சிட்டிகை மிளகு போட எனக்கு வரலாற்று அனுமதி இருக்கிறது, போடுகிறேன்.

நம்ம நிறத்துக்கு ஐரோப்பிய வீரனா நின்னா 'வரலாற்றுப்படி சரியில்லை' என்று சொல்லமாட்டார்களா?

இரண்டு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு முறையும் பார்வையாளர்கள். நான் மக்டபர்க் தேவாலயத்துச் சிலையைக் காட்டுவேன். ஜெர்மனியில் 1240களில் செதுக்கிய புனித மொரிஸ் சிலை அது. கறுப்பின ஆப்பிரிக்கராக, முழு வளையக் கவசத்தில் நிற்கிறார். மேலே அணிந்திருப்பது தகடு பதித்த சட்டை, ரிவெட் தலைகள் தெளிவாகத் தெரிகின்றன. அந்த வகைச் சட்டைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அதுவும் ஒன்று. கவச வரலாற்றைப் படிக்கும் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அந்தச் சிலை ஒரு புனிதரின் உருவம், 1350இன் ஆங்கிலப் படைப்பட்டியல் அல்ல. அதையும் சேர்த்தே சொல்வேன். நான் நின்று காட்டுவது ஒரு வில்லாளியின் உடையை, கருவியை, வேலையை. என் தோல் அவருடையது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கும் ஆறடி உயரக்காரரின் நல்ல பல்வரிசையும் அந்தக் காலத்தது அல்லவே.

பெண்கள் சண்டையில் நிற்கலாமா?

எங்கள் குழுவில் நிற்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டுப் படையில் பெண் வீரர்கள் சாதாரணம் அல்ல, அதனால் களத்தில் இறங்குபவர்கள் முடியை முக்காட்டுக்குள் மறைத்து ஆண் உடையில் இறங்குகிறார்கள். வேறு குழுக்களில் விதி வேறு. முகாமில் பெண்கள் செய்த நிஜ வேலைகள் ஏராளம், அவற்றை நன்றாகச் செய்துகாட்டுபவர்கள் குறைவு. சாயம், நூற்பு, தையல் தெரிந்தவர் ஆணோ பெண்ணோ, எங்களுக்கு ஒரு வாள்வீரரைவிட அவசரமாகத் தேவை.

சண்டையையே பாதுகாப்புக்காக மாற்றிவிட்டு, துல்லியம் என்று பேசுவதில் என்ன அர்த்தம்?

கேள்விகளில் கடினமானது இதுதான். விஸ்பி எலும்புகளில் வெட்டுக்காயங்களின் பெரும்பகுதி காலில் இருக்கிறது. கவசம் இல்லாத கீழ்க்காலைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1461இல் நடந்த டவுட்டன் போரில் இறந்தவர்களின் குழி ஒன்று 1996இல் கிடைத்தது. அந்த மண்டையோடுகளில் பலமுறை வெட்டிய அடையாளம். நாங்களோ தலையை அடிப்பதில்லை, முழங்காலுக்குக் கீழே அடிப்பதில்லை. ஆக, அசல் போரில் அதிகம் அடிபட்ட இரண்டு இடங்களும் எங்கள் களத்தில் தடை செய்யப்பட்டவை.

இதை மறைத்தால்தான் பொய். நான் சண்டை முடிந்ததும் பார்வையாளர்களிடம் இதை அப்படியே சொல்கிறேன்: இந்தச் சட்டை இன்ன இடத்தில் கிடைத்ததைப் பார்த்துத் தைத்தது, இந்தத் தலைக்கவசத்தின் தகடு பாதுகாப்புக்காக அசலைவிடத் தடிமன், இந்த அடி நடந்த விதம் அன்று நடந்ததல்ல. எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதை நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று கேட்பவருக்குப் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். அது முடியாத ஒரு பொருளையும் நான் உடம்பில் போடுவதில்லை.

பக்கத்தில் நிற்பவரின் உடை தவறு என்று தெரிந்தால் சொல்லலாமா?

மக்கள் முன்னால் சொல்லாதீர்கள். நான் சேர்ந்த முதல் வருடம் என் முக்காட்டின் வெட்டு ஒரு நூற்றாண்டு பிந்தியது. குழுவில் மூத்த அம்மா ஒருவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் கூடாரத்துக்கு அழைத்து, ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் முக்காட்டின் வரைபடத்தை விரித்து, மீதமிருந்த கம்பளித் துண்டு ஒன்றையும் கொடுத்தார். இரவு அடுப்பு வெளிச்சத்தில் இரண்டு பேருமாக வெட்டினோம். தைத்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இன்றும் அதைத்தான் அணிகிறேன்.